காதுக்குள் இரையுதா? மருந்து வேறு, ஆறுதல் வேறு

கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் எங்கட ஆக்கள் சீனி, பிறஷர், கொலஸ்ரோல் மூன்றையும் பற்றிச் சத்தமாகக் கதைப்பார்கள். காதுக்குள் இரைகிற கதையை மட்டும் எடுக்க மாட்டார்கள். சொன்னால் "வயசு போட்டுது" என்று சிரிப்பார்கள், இல்லாவிட்டால் "மண்டையில ஏதோ பிசகு" என்று நினைப்பார்கள் என்ற பயம்.

ஒருவருக்குச் சில்வண்டு மாதிரிக் கேட்கும். இன்னொருவருக்குக் குக்கர் விசில் மாதிரி. வேறொருவருக்கு ஸ்டேசன் பிடிபடாத ரேடியோ மாதிரி. வெளியில் ஒரு சத்தமும் இல்லை, உள்ளே மட்டும் கேட்கும். ரினிற்றஸ் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 14 வீதமானவர்களுக்கு, அதாவது 74 கோடி பேருக்கு இது இருப்பதாக 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. ஏழு பேருக்கு ஒருவர். எனக்கும் இருக்கிறது, இரண்டு காதிலும்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விசயம். இதை முற்றாக நிறுத்துகிற மருந்து இன்றைக்கு இல்லை. ஆனால் ஆறுதல் இருக்கிறது, அது நல்ல ஆறுதல். எங்கட சனம் இல்லாத மருந்தைத் தேடிக் காசை இறைக்கிறது, இருக்கிற ஆறுதலை வெட்கத்தில் தள்ளி வைக்கிறது.

முதலில் எண்ணெய்க் கதை. உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதுக்குள் விடச் சொல்லி எத்தனை மாமிமார் எனக்கு ரெலிபோனில் சொல்லியிருப்பார்கள்! அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பழுது செவிப்பறைக்கு உள்ளே, மிக ஆழத்தில் இருக்கிறது. உட்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் மயிர் போன்ற நுண்ணிய இழைகள் கொண்ட கலங்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தமும் வயதும் அந்தக் கலங்களைச் சாகடித்துவிடும். செத்தவை மனிதருக்குத் திரும்ப முளைக்காது. அங்கிருந்து வரவேண்டிய சத்தம் குறைந்ததும் மூளை தன்னுடைய வொலியூமைத் தானே கூட்டுகிறது. அப்படிக் கூட்டும்போது கேட்பதுதான் இந்த இரைச்சல் என்பது இன்று பலரும் ஏற்கிற விளக்கம். எண்ணெய் அந்த இடத்துக்குப் போகாது. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு அதனால் கெடுதிதான் வரும். "எனக்கு எண்ணெய் விட்டுச் சுகம் வந்ததே" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அனேகமாகக் காதுக் குடுமி அடைத்திருக்கும், எண்ணெயில் இளகி வந்திருக்கும். குடுமி அடைத்தாலும் இரையும். அதைத் தாதியிடம் போய் எடுப்பிக்கலாம்.

அடுத்தது குளிசை. ஜிங்கோ, சிங்க், மெலரோனின் என்று விதம் விதமான போத்தல்கள். இந்த மூன்றையும் ரினிற்றசுக்கென்று பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர்களின் அமைப்பு 2014இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. இருந்தும் ஊரில் பரியாரி, இங்கே இன்ரர்நெற் வியாபாரி என்று ஆள் மாறியதே தவிர, எங்கட ஆக்களின் நம்பிக்கை மாறவில்லை.

சரி, எதில்தான் ஆறுதல்?

ஒன்று, கேட்கும் திறனைச் சோதிப்பது. இரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது செவிப்புலன் குறைந்திருக்கும். அவர்களுக்குக் காது மிசின் பெரிய உதவி. வெளிச்சத்தம் கூடிக் கேட்கத் தொடங்க, உள்சத்தம் பின்னால் போய்விடும். பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவையில் அதை இலவசமாகவே தருவார்கள். ஆனால் கண்ணாடி போடக் கூச்சப்படாத சனம் மிசின் போடக் கூச்சப்படுகிறது. "பிள்ளையின்ர கலியாணம் முடியட்டும், பிறகு போடுறன்" என்று ஒரு அண்ணை சொன்னார். அப்பாவின் காதைப் பார்த்துச் சம்பந்தம் குழம்புமென்றால், அந்தச் சம்பந்தம் குழம்புவதே நல்லது.

இரண்டு, முழு அமைதியைத் தேடாமல் விடுவது. 1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற இரண்டு பேர், நல்லாகக் காது கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் இருத்திப் பார்த்தார்கள். அவர்களில் 94 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அமைதி கூடினால் எவருக்கும் உள்ளே கேட்கும் என்பதுதான் விசயம். அதனால் இரவில் கதவு யன்னலை இறுக்கிப் பூட்டிவிட்டுப் படுப்பது பிழையான வைத்தியம். மின்விசிறியோ, மழைச் சத்தமோ, சின்னதாக ரேடியோவோ ஓடட்டும். இரைச்சலை அமத்துகிற அளவு வேண்டாம், அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். மூளை இரண்டையும் சேர்த்துக் கேட்டுப் பழகி, கடைசியில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தை நாங்கள் கவனிக்காமல் விடுவதுபோல இதையும் விட்டுவிடும். ஜஸ்ட்ரெபொவ் என்ற விஞ்ஞானி 1990இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது. எனக்கு நித்திரையைத் திருப்பித் தந்தது, தலைமாட்டில் மெல்லமாக ஓடுகிற தமிழ் வானொலிதான்.

மூன்று, கதைத்துச் செய்கிற வைத்தியம். சத்தத்தைக் கண்டு பயப்படுகிற மனதைப் பழக்குகிற முறை. நெதர்லாந்தின் மாஸ்ரிக்கில் 492 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் லான்செற் சஞ்சிகையில் வந்தது. இந்த முறையும் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்கள் வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தேறினார்கள். சத்தம் குறைவதில்லை, அது தருகிற உபத்திரவம் குறைகிறது. இதைச் சொன்னால் எங்கட ஆக்கள் "எனக்கென்ன விசரே?" என்று கேட்பார்கள். விசர் இல்லை. காலில் காயம் பட்டவர் நடக்கப் பழகுவது போல ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

மொழி ஒரு தடைதான். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அப்பா இரவெல்லாம் நித்திரை இல்லாமல் அழுவதைப் பிள்ளை எப்படி வைத்தியரிடம் சொல்லும்? மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிரித்தானியாவில் அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. "ஒன்றும் செய்ய ஏலாது, பழகிக்கொள்" என்று வைத்தியர் அனுப்பினால் அது பாதிப் பதில். எப்படிப் பழகுவது என்பதுதான் மிச்சப் பாதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறுதலைத் தேட முன்னர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒரு காதில் மட்டும் இரைந்தால், நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தால், தலை சுற்றினால் வைத்தியரிடம் போங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள், நாள் கடந்தால் மருந்து வேலை செய்கிற வாய்ப்புக் குறையும். முகம் ஒரு பக்கம் இழுத்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு நட்டஈடு கொடுக்கப்படுகிற பாதிப்புகளில் எண்ணிக்கையில் முதலிடம் காதிரைச்சலுக்குத்தான். சண்டை போட்டவரின் காதுக்கு அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பங்கருக்குள் பிள்ளையைக் கட்டிப் பிடித்தபடி ஷெல்லையும் கிபிரையும் கேட்ட அம்மாவின் காதுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? தழும்பைப் படம் எடுக்கலாம், இரைச்சலைப் படம் எடுக்க முடியாது. அதனால் நாங்களே அதை இல்லாத ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். வந்த இடத்திலும் சமையலறைப் புகைபோக்கிக்குக் கீழேயும் பக்டரி மிசினுக்குப் பக்கத்திலும் நின்று மிச்சக் காதையும் கொடுத்தோம். இங்கே 2005ஆம் ஆண்டின் சட்டப்படி, வேலையிடத்தில் நாளாந்தச் சத்தம் சராசரியாக 85 டெசிபெலைத் தொட்டால் காதுக் கவசம் தரவேண்டியது முதலாளியின் கடமை. கேட்டு வாங்கினவர்கள் எத்தனை பேர்?

வீட்டில் அப்பாவோ அம்மாவோ ரி.வி.யைச் சத்தமாக வைத்தால், கதைக்கும்போது "என்ன, என்ன" என்று கேட்டால், இரவில் எழும்பி நடந்து திரிந்தால், பகிடி பண்ணாதீர்கள். "காதுக்குள்ள இரையுதே?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அனேகமாக இருபது வருசக் கதை ஒன்று வெளியில் வரும். அதைக் கேட்டு முடித்துவிட்டு, காது சோதிக்கிற இடத்துக்கு ஒரு நாள் எடுத்துக் கொடுங்கள்.