உப்பும் உபாத்தியாயரும்

சமீபத்தில் மரக்காணம் சென்றிருந்தபோது, உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து பாடம் உருப்போட்டுக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனைக் கண்டோம். நோட்டுப் புஸ்தகத்தில் இடப்புறம் இங்கிலீஷ் வழக்குத் தொடர்கள், வலப்புறம் அர்த்தங்கள். நாமும் அவ்விதமே கற்றவர்கள்தாம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தவர்களும் நாமே.

அவன் தகப்பனார் எதிரேயிருந்த பாத்தியில் மரப் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். மகனோ, 'பின்ச் ஆஃப் ஸால்ட்' என்றால் சந்தேகத்தோடு ஏற்பது என்று ஒப்பித்தான். உப்புக்கும் சந்தேகத்துக்கும் என்ன சம்பந்தம்? அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ரோமாபுரி ஆசிரியர் பிளினி, சுமார் கி.பி. 77இல் முடித்த நூலில், மித்ரிடேட்டஸ் மன்னனின் விஷமுறிவு மருந்தைக் குறிப்பிடுகிறார். அத்திப்பழம் முதலியவற்றோடு ஒரு கல் உப்பும் சேர்க்க வேண்டுமாம். தொடர் அங்கிருந்து வந்ததென்பர். இக்கதையைக் கேட்ட பிள்ளை அதை மறப்பானா?

விஷயம் பரீட்சையோடு நின்றால் நாம் எழுதவே மாட்டோம். நமது ஜனங்களுக்கு உப்பு நன்றியின் அடையாளம்; உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் வழக்கம். வக்கீல் தொழிலில் ஒருமுறை, 'இந்தச் சாட்சியத்தை ஒரு சிட்டிகை உப்புடன் ஏற்க வேண்டும்' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கிய காகிதமொன்று நம் கைக்கு வந்தது. படித்த கட்சிக்காரர் கொதித்தெழுந்தார். தமது சாட்சி எதிரியின் உப்பைத் தின்றவன் என்று கூறப்பட்டதாகவே அவர் அர்த்தம் செய்துகொண்டார்! அவரைச் சமாதானப்படுத்த அரை நாள் பிடித்தது. தவறு அவருடையதன்று.

'வொர்த் ஹிஸ் ஸால்ட்' என்பதும் அத்தகையதே. வாங்கும் கூலிக்கு வேலை தகுமா என்று இங்கிலீஷ்காரன் கணக்குப் பார்க்கிறான்; தின்ற உப்புக்குத் துரோகம் செய்யலாமா என்று தமிழன் கேட்கிறான். ஒன்று திறமை, மற்றொன்று விசுவாசம். இரண்டையும் ஒன்றாக்கும் அட்டவணை இரு பாஷைகளையும் கெடுக்கிறது. பழைய இங்கிலாந்தின் பிரபு வீடுகளில் உப்புக்கிண்ணத்துக்கு மேற்புறம் கனவான்களும் கீழ்ப்புறம் எளியவரும் அமர்ந்தனராம். 'உப்புக்குக் கீழே' என்பது தாழ்ந்தோரைக் குறிக்கலாயிற்று. உப்பை விளைவிப்பவனுக்கு இன்றும் எந்தப் புறம் இடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொள்வினை ஒருபுறமாகவே நடந்ததென்றும் எண்ண வேண்டாம். நமது கொட்டாரத்தை இங்கிலீஷ்காரர் எடுத்துக்கொண்டதற்குச் சென்னையின் 'ஸால்ட் கொட்டார்ஸ்' ரயில்வே யார்டு சாட்சி. 1930இல் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த பின், 'ஒரு பிடி உப்பு' என்பதற்கு இந்நாட்டில் ஏற்பட்ட பொருள் எந்த இங்கிலீஷ் அட்டவணையில் இருக்கிறது?

மரக்காணத்து உபாத்தியாயர்களேனும் ஒரு பாடத்தை உப்பளத்து வரப்பிலேயே நடத்திப் பார்க்கட்டும். பாத்தியையும் உப்பையும் பற்றிப் பிள்ளைகள் அவருக்குச் சொல்வார்கள். பிளினியின் கதையை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.