சீலைத் திட்டாதீங்க, மூச்சுக்குழாயைப் பாருங்க!

பின்பக்கக் கிரவுன்ல ஆயில் ஒழுகுதுன்னு வண்டியைப் பட்டறையில விட்டுப் பாருங்க. கீழே குனியறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துடும்: "சீல் போச்சு, மாத்திரலாம்." மாத்துவாங்க. மூணு மாசத்துல மறுபடி ஒழுகும். "டூப்ளிகேட் சீல் சார், இந்த வாட்டி ஒரிஜினல் போட்டுரலாம்." அதுவும் ஒழுகும். கடைசியில ஓனரே ஞானி ஆகிடுவார்: "வண்டின்னா ஒழுகத்தாங்க செய்யும்."

செய்யாதுங்க. இந்த ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கடுப்பு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

டிஃப்ரன்ஷியல்னு நாங்க பரீட்சைக்குப் படம் வரையறோமே, அந்த ஹவுசிங் தலையில ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். பிரீதர்னு பேரு. சில வண்டியில மூடி போட்ட குமிழ், சிலதுல ரப்பர் டியூப். ஓடும்போது பல்சக்கரம் உரசி ஆயில் சூடாகும், உள்ளே இருக்கிற காத்து விரியும், அந்தத் துளை வழியா வெளியே போகும். சேறும் கிரீஸும் காய்ஞ்சு அது அடைச்சுக்கிட்டா? பிளஸ் ஒன் கணக்குதான். 30 டிகிரியில மூடின காத்து 90 டிகிரிக்குப் போனா அழுத்தம் சுமார் 20 சதவீதம் ஏறும். அந்த அழுத்தம் எங்கே போகும்? இருக்கிறதுலேயே பலவீனமான இடமான சீல் உதட்டைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட வெளியே வரும். இதுல சீல் என்ன தப்பு பண்ணுச்சு? திருப்பி ஆறும்போது உள்ளே காத்தை உறிஞ்சும். அந்த நேரம் பார்த்து வண்டி தண்ணியில நின்னா, தண்ணியும் உள்ளே போகும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தா இதுதான் கதை.

பிரீதரைக் கழட்டிக் கழுவி ஊதிப் பார்க்க பத்து நிமிஷம். காசு கிடையாது. ஒருவேளை அதனாலதான் யாரும் பண்றதில்லையோ :-)

எல்லா ஒழுகலுக்கும் அதுதான் காரணம்னு சொல்லலை. எங்கே ஒழுகுதுன்னு முதல்ல பாருங்கன்னுதான் சொல்றேன். ஓடும்போது காத்து ஆயிலைப் பின்னாடி அடிச்சுக்கிட்டுப் போறதால, ஈரமா இருக்கிற இடம் வேற, ஒழுகிற இடம் வேற. நல்லாக் கழுவி, துடைச்சு, காயவிட்டு, மேலே முகப் பவுடரைத் தூவிட்டு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்க. ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும். ஹவுசிங் ஜாயிண்ட்டா, டிரெய்ன் போல்ட்டா, முன்னாடி பினியன் சீலா, சக்கரத்துப் பக்கம் ஆக்சில் சீலா?

பினியன் சீல்தான்னா, அந்த ஃப்ளாஞ்சைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஆடினா பேரிங் போயிருக்கு. எத்தனை சீல் போட்டாலும் நிக்காது. ஆடலையா, கழட்டினதும் சீல் உரசுற இடத்தை நகத்தால தடவுங்க. பள்ளம் விழுந்திருந்தா புது சீலும் அதே பள்ளத்துல உட்கார்ந்து ஒழுகும். மெல்லிய ஸ்லீவ் ஏத்தணும், இல்லே ஃப்ளாஞ்சை மாத்தணும். அப்புறம் அந்தப் பினியன் நட்டு... ஏர் கன்னை வெச்சு 'டர்ர்ர்'னு இறுக்கிறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும், வண்டியை நினைச்சு. பல வண்டியில உள்ளே நசுங்குற ஸ்பேசர் இருக்கு, பேரிங் இறுக்கம் அதை நம்பித்தான் நிக்குது. அளவு தாண்டி இறுக்கினா ஒழுகல் நின்னு ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும்.

இவ்வளவும் காசு விவகாரம். ஆக்சில் சீல் அப்படி இல்லை. அது ஒழுகினா ஆயில் நேரா பிரேக் டிரம்முக்குள்ள போகும். ஷூ அதைக் குடிச்சுக்கும். பெட்ரோல்ல கழுவினாலும், உப்புத்தாள் போட்டாலும் சரியாகாது, மாத்தித்தான் ஆகணும். ஒரு பக்கச் சக்கரம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. லோடு ஏத்தின வேன் அந்த ஷூவோட இறங்கறதை யோசிங்க. நிறைய வண்டியில ஹேண்ட் பிரேக்கும் அதே டிரம்முலதான். ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு சரிவுல நிக்கிற வேனையும் யோசிங்க. "ஒழுகத்தாங்க செய்யும்"னு சொல்றவங்க சக்கரத்தோட உள்பக்கத்தை ஒரு தடவை குனிஞ்சு பார்க்கட்டும். அங்கே ஈரமா இருந்து, கந்தக வாடை தூக்கலா அடிச்சா கிரவுன் ஆயில். அந்த வாடை இல்லாம தண்ணி மாதிரி இளகலா, பெயிண்ட்டை உரிச்சிருந்தா பிரேக் ஆயில். ரெண்டுல எதுவா இருந்தாலும் அன்னிக்கு லோடு ஏத்தக்கூடாது.

ஆனா நடக்கிறது என்ன? எஃப்.சி. வந்தா அடிப்பக்கத்தை டீசல் அடிச்சுக் கழுவி, கறுப்பு பெயிண்ட் பூசி, பளபளன்னு கொண்டுபோய்க் காட்டறது. ஒழுகின தடத்தை அழிக்கிறதுக்கு இருக்கிற அக்கறையில பாதி இருந்தா போதும், ஒழுகலையே நிறுத்திடலாம்.

பி.கு: ஆயில் மாத்தப் போறவங்க, கீழ் போல்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி ஊத்துற போல்ட் கழலுதான்னு பாருங்க. எல்லாத்தையும் வடிச்சிட்டு மேல் போல்ட் துருப்பிடிச்சு நின்னா, வண்டி அங்கேயேதான். நிறைய கிரவுன்ல சமதரையில நிறுத்தி அந்தத் துளையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஊத்தினா அளவு சரி. இருந்தாலும் உங்க வண்டிப் புத்தகத்தைப் பார்த்துக்கோங்க. "ஒழுகுதே, கொஞ்சம் சேர்த்தே ஊத்துவோம்"னு கூட ஊத்தினா அதுவே ஒழுகும்.