கோபம் வேறு, வெறுப்பு வேறு!

சேலம், நாமக்கல் கடைவீதிகளில் தொழில் செய்யும் சகோதரர்களே! இளைஞர்களே!

அநீதி கண்டால் கோபம் வரும். அது குற்றமல்ல. ஒருவன் செய்த குற்றத்தை அவன் சமூகத்தின் தலையில் சுமத்தும்போதுதான் கோபம் வெறுப்பாகிறது.

பக்கத்துக் கோவையைப் பாருங்கள். 1997 நவம்பரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், கடைகள் சாம்பலாயின. 1998 பிப்ரவரி 14-ல் குண்டுகள் வெடித்து 58 பேர் மடிந்தனர். மடிந்தவர்களில் எத்தனை பேர் நமக்குத் தீங்கு செய்தவர்கள்? பழிக்குப் பழி யாருக்கு நீதி வாங்கித் தந்தது? சிந்தியுங்கள்!

2018 மார்ச்சில் மேற்கு வங்காளத்தின் ஆசன்சோலில் நடந்த கலவரத்தில், 16 வயது மகனைப் பறிகொடுத்தார் இமாம் இம்தாதுல்லாஹ் ரஷீதி. கொதித்து நின்ற கூட்டத்திடம், யாராவது பழிவாங்கப் புறப்பட்டால் இந்த ஊரைவிட்டே போய்விடுவேன் என்றார். கூட்டம் அடங்கியது.

இதைக் கோழைத்தனம் என்பீர்களா? பெற்ற மகனை இழந்தவரின் வீரம் இது!

நீதி கேட்பதை விடாதீர்கள். புகார் கொடுங்கள், சாட்சி சொல்லுங்கள், வழக்காடுங்கள். ஆனால் நாளை காலை கடை திறந்ததும், எதிர்க்கடைக்காரரிடம் நீங்களே முந்திக்கொண்டு நலம் விசாரியுங்கள். வெறுப்பு அங்கேதான் கரையத் தொடங்கும்.