சட்டமும் சம்சாரமும்: பெட்டிச் சாவி யாரிடம்?

நம் வீடுகளில் சாவிக்கொத்து யாருடைய இடுப்பில் தொங்குகிறதோ, குடும்ப அதிகாரமும் அவரிடந்தான் இருக்கிறது என்பது நேயர்கள் அறிந்த விஷயம். மாமியாரின் இடுப்பிலிருந்து அது மருமகளின் இடுப்புக்கு மாறும் நாளில் ஒரு சிறு ராஜ்யமே கைமாறிவிடுகிறது. ஆனால், அந்தச் சாவி இருந்த இடத்தினால் ஒருவன் சிறைக்குப் போனான் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் அப்படிப் போவதற்கு இடமுண்டு.

துப்பாக்கி வைத்துக்கொள்வதை அந்நாட்டார் பிறப்புரிமையாகக் கருதுகிறார்கள். 1791-ம் வருஷத்திலேயே அதை அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டுவிட்டார்கள். தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதனுடைய உரிமை என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிற்று. பெருங்குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களுக்கு அந்த உரிமையை மறுக்கும் சட்டங்களை இந்தத் தீர்ப்பு அசைப்பதாக யாரும் எண்ண வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. அவ்விதம் மறுக்கும் மத்திய சட்டம் 1968-ல் ஏற்பட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் சிறைவாசம் விதிக்கக்கூடிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவன், துப்பாக்கியையோ தோட்டாவையோ தன் வசம் வைத்திருக்கக் கூடாது. "விதிக்கப்பட்ட" என்றல்ல, "விதிக்கக்கூடிய" என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள்கூடச் சிறையில் இராமல், கண்காணிப்பின்பேரில் விடப்பட்டவனையும் அது கட்டுப்படுத்தும். மீறினால் 15 வருஷம் வரையில் சிறை. 2022-ம் வருஷத்துக்கு முன் இது 10 வருஷமாக இருந்தது.

இனி ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். கணவன் கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்காகச் சில வருஷம் சிறையில் இருந்துவிட்டுத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் இல்லாத காலத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் குழந்தையுடன் தனியே இருந்த மனைவி, தன் பணத்தில், தன் பெயரில், ஒரு ரிவால்வர் வாங்கினாள். அதைப் படுக்கையருகே மேஜை அறையில் வைத்திருக்கிறாள். கணவன் வந்ததும் அதை அவள் விற்றுவிட வேண்டுமா?

மத்திய சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குற்றம் அவனுடையது, அவளுடைய உரிமை அவளுக்கே. ஆனால் அந்தத் துப்பாக்கி மேஜை அறையிலேயே இருந்தால், அது யாருடைய வசத்தில் இருக்கிறது? இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. கையில் பிடித்திருந்தால்தான் வசம் என்று அந்நாட்டு நியாயஸ்தலங்கள் கொள்வதில்லை. ஒரு பொருளைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவரும் சக்தியும் எண்ணமும் ஒருவனுக்கு இருந்தால், அது பத்தடி தள்ளிக் கிடந்தாலும் அவன் வசமே. ஒரே பொருள் இரண்டு பேருடைய வசத்தில் இருக்கவும் கூடும். ஆகவே, "ரசீது என் பெயரில் இருக்கிறது" என்று மனைவி எடுத்துக் காட்டுவது அவனைக் காப்பாற்றாது. அருகில் இருந்தான் என்பது மட்டும் குற்றமாகாது என்பது மெய்தான். ஆனால் எண்ணம் என்பது மனத்துக்குள் இருப்பது. இருவரும் படுக்கும் அறையில், பூட்டில்லாத இடத்தில் அகப்பட்ட ரிவால்வரைப் பார்த்துவிட்டு, அவனுக்கு அந்த எண்ணமே இல்லை என்று எத்தனை ஜூரிகள் நம்புவார்கள்?

எனவே இரும்புப் பெட்டி வேண்டும். அதன் சாவி அவளிடமே இருக்க வேண்டும். எண் பூட்டானால் அந்த எண் அவனுக்குத் தெரியக் கூடாது. குழந்தையின் பிறந்த தேதியையே எண்ணாக வைத்துவிட்டு, "அவருக்குத் தெரியாது" என்று சொல்லும் புத்திசாலித்தனம் கோர்ட்டில் எடுபடாது. தோட்டாக்களையும் அதே பெட்டியில் பூட்ட வேண்டும். சமையலறை அலமாரியில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா, வழக்குக்குப் போதும்.

மறந்து கிடப்பது யார் கண்ணில் படப்போகிறது என்று கேட்கலாம். தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையின்பேரில் வெளிவந்தவனைச் சந்தேகமே இல்லாமலும் சோதனை போடலாம் என்று கலிபோர்னியா வழக்கொன்றில் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்திருக்கிறது. அவன் வாழும் வீட்டுக் கதவு அவ்வளவு கெட்டியான கதவு அல்ல. அவளுக்கும் அபாயம் உண்டு. அவன் நிலைமையை அறிந்தே துப்பாக்கியை அவனிடம் ஒப்படைத்தால் அது அவளுடைய குற்றமாகிவிடும்.

கலிபோர்னியா மாகாணம் இதை யோசனையாக விடாமல் விதியாகவே செய்துவிட்டது. 2014 முதல், அத்தகையவன் தன்னுடன் வசிப்பது தெரிந்த துப்பாக்கிச் சொந்தக்காரர், அதைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். அல்லது சுட முடியாதபடி அதற்கே பூட்டுப் போட வேண்டும். அல்லது தம்முடனேயே வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் தண்டனை.

கணவனுக்கே முன்பு துப்பாக்கிகள் இருந்திருந்தால் என்ன செய்வது? எல்லைக் காவல் படையில் இருந்த ஒருவர் கஞ்சா வழக்கில் சிக்கி, ஜாமீன் நிபந்தனைப்படி தம் துப்பாக்கிகளை ஒப்படைத்தார். பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, அவற்றை ஒரு நண்பருக்கு மாற்றித் தரும்படி கேட்டார். கீழ்க் கோர்ட்டுகள் மறுத்துவிட்டன. ஹெண்டர்சன் வழக்கு என்று பெயர் பெற்ற இதில், 2015-ல் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமுகமாக அவர் பக்கம் பேசினார்கள். சட்டம் பறித்தது வசத்தையே. விற்கும் பாத்தியதையை அல்ல என்றார்கள். ஆனால், வாங்குகிறவர் அவற்றைப் பழைய சொந்தக்காரர் சொற்படி கையாளுகிறவராக இருக்கக் கூடாது என்றும் வரையறுத்தார்கள். பெயரளவில் மனைவிக்கு மாற்றிவிட்டு அதே சுவரில் மாட்டி வைக்கும் யுக்திக்கு இதில் இடமில்லை.

இதைப் படிக்கையில் நம் தேசத்துப் பழைய கதை நினைவுக்கு வராமற் போகாது. லிட்டன் பிரபு 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின்படி, ஒரு குற்றமும் அறியாத இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரருக்கு விலக்கு உண்டு. பிறப்பே குற்றமாயிருந்த காலம் அது! சுதந்திர இந்தியா 1959-ல் செய்த சட்டம், பலாத்காரம் அல்லது ஒழுக்கக்கேடு சம்பந்தமான குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவனை, தண்டனை முடிந்தபின் ஐந்து வருஷம் வரையில் விலக்கி வைக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அப்படிப்பட்ட கெடு ஒன்றும் இல்லை. மன்னிப்போ, உரிமை மீட்சியோ கிடைத்தாலொழிய ஆயுள் முழுதும் விலக்குத்தான். கள்ளக் கையெழுத்துப் போட்டவனையும் கொள்ளைக்காரனையும் ஒரே தராசில் இவ்வாறு நிறுப்பது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தை நம்பி யாரும் பெட்டியைத் திறந்து வைக்க முடியாதல்லவா?

என்னைக் கேட்டால், கண்காணிப்புக் காலம் முடியும் வரையில் துப்பாக்கி வேறு வீட்டில் இருப்பதே நலம் என்பேன். தாய் வீட்டில் பூட்டி வைக்கலாம். சில இடங்களில் விடுதலை நிபந்தனையே, அவன் வசிக்கும் வீட்டில் ஆயுதம் இருக்கக் கூடாது என்கிறது. அங்கே எந்த இரும்புப் பெட்டியும் பயன்படாது. தனி வீட்டில் அஞ்சி வாழும் ஸ்திரீக்கு இந்த யோசனை எவ்வளவு கசப்பானது என்பதையும் அறிவேன். வைத்துக்கொண்டே தீர வேண்டுமானால், அவன் வருவதற்கு முந்தின வாரமே கண்காணிப்பு உத்தியோகஸ்தரைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பூட்டின் எண்ணையும் அந்த வாரமே மாற்றிவிட வேண்டும். அவன் வந்ததும், "எண் என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டாலும் சொல்லக் கூடாது. அதை அவன் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்வானானால், பதினைந்து வருஷம் என்ற எண்ணை மட்டும் அவனுக்குச் சொல்லலாம்.