முகப்பு வந்தது, மழை எங்கே?

“குளிர்முகப்பு ஓக்லஹோமாவைக் கடந்தும் என் வீட்டில் சொட்டுக்கூட விழவில்லை, முன்னறிவிப்பெல்லாம் வெறும் ஆரூடம்” என்கிறார் நண்பர். மழை வாய்ப்பு 40 சதவீதம் என்று முன்னறிவிப்பு சொன்னதையே அவர் சரியாகப் படிக்கவில்லை. அமெரிக்க வானிலைச் சேவையின் கணக்கில் அது, குறித்த நேரத்துக்குள் ஓர் இடத்தில் 0.25 மில்லிமீட்டராவது பெய்வதற்கான வாய்ப்பு. பெய்யாமல் போக 60 இருக்கிறதே!

குளிர்காற்று ஆப்புபோல் நுழைந்து ஈரவெப்பக் காற்றை மேலே தள்ளும்; உண்மைதான். (கோடையில் அந்த ஆப்பும் பெரும்பாலும் மொண்ணை.) ஆனால் ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பக்காற்று மூடிபோட்டிருந்தால் அந்தத் தள்ளல் போதாது. மூடி எங்கே, எப்போது உடையும்? அதைத் துழாவும் பலூன்கள் வழக்கமாக நாளுக்கு 2 முறைதான் பறக்கின்றன, அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில். காய்ந்த முற்றத்தை வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள்; அன்று மாலையின் ரேடார் படத்தைப் பாருங்கள்.