மஹரைச் சுருக்கிவிட்டுச் சிறுவாட்டைக் குறை கூறலாமா?



"மனைவி எனக்குத் தெரியாமல் தாய்வீட்டில் நகை சேர்த்து வைத்திருக்கிறாள், இது துரோகமல்லவா, ஹஸ்ரத்?" என்று கேட்கும் கணவன்மார் அம்பத்தூரிலும் உளர், ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உளர். அவர்களுள் சிலர், தாம் தவணை கட்டி வாங்கிய மனையைத் தாயார் பெயரிலோ தம்பி பெயரிலோ பதிவு செய்திருப்பார்கள். "நாளை மணவிலக்கு நேர்ந்தால்?" என்ற அச்சம் இருவருக்கும் ஒன்றே. அவள் செய்தால் துரோகம். இவர் செய்தால் முன்யோசனை!

மறைத்துச் சேர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. கணவர் போதிய செலவு கொடுக்காத நிலையில், தமக்கும் பிள்ளைகளுக்கும் தேவையானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள ஹிந்த் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அது தேவைக்கான அனுமதி, சேமிப்புக்கானதன்று. ஆனால் இந்த அச்சத்தை விதைத்தவர்கள் யார்?

மஹரை மனமுவந்து கொடுக்கப் பணிக்கிறது அல்குர்ஆன் (4:4). ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் பிரியும்போது அதில் எதனையும் திரும்பப் பெறலாகாது என்கிறது (4:20). நாமோ மண்டபத்திற்கும் பிரியாணிக்கும் இலட்சங்களைச் செலவிட்டு, நிக்காஹ் தஃப்தரில் ஒரு சிறு தொகையை எழுதி, அதனையும் 'பின்னர் தருவதாக' ஒத்திவைக்கிறோம். போதாக்குறைக்குப் பெண்வீட்டாரிடம் கைக்கூலியும் வாங்குகிறோம். அவளிடம் வர வேண்டிய முதல் எதிர்த்திசையில் போய்விட்டது. மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்துச் சீட்டுக் கட்டாமல் அவள் வேறென்ன செய்வாள்?

நீதிமன்றம் இருக்கிறதே என்பர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் மணவிலக்கான பெண்ணுக்கு மஹரையும் அவளுடைய உடைமைகளையும் இத்தா காலச் செலவையும் உறுதி செய்கிறது. அவளுடைய எதிர்காலத்திற்கான நியாயமான ஏற்பாட்டையும் இத்தா காலத்திற்குள்ளேயே கணவன் செய்துவிட வேண்டும் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், கணவன் பெயரிலுள்ள வீட்டில் மனைவிக்குத் தானாகவே பங்கு தரும் சட்டம், கோவாவில் இருப்பதுபோல், தமிழகத்தில் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் இந்துக் குடும்ப வழக்கில், சவூதியில் உழைத்த கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணிய மனைவிக்கும் பங்குண்டு என்றது. நல்ல தீர்ப்புதான். அதற்குள் அந்தக் கணவரே இறந்துபோயிருந்தார்.

ஷரீஅத்திலோ கணவன் உடைமை வேறு, மனைவி உடைமை வேறு. அவரவர் ஈட்டியது அவரவர்க்கே (4:32). மனைவியின் சம்பளத்திலிருந்து வீட்டுக் கடன் தவணை போகிறதென்றால் அது அன்பளிப்பா, கடனா, கூட்டு முதலா? கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தில் (2:282) இதனை மட்டும் ஏன் வாய்ப்பேச்சாக விடுகிறோம்?

மணவீட்டில் கணக்குப் பேசுவது அபசகுனமாம்! சகுனம் பார்ப்பது கூடாதென்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான்.

ஜமாஅத் நிர்வாகிகளே, அடுத்த நிக்காஹுக்குத் தஃப்தரைத் திறக்குமுன், மஹர் தங்கமாகவோ ரொக்கமாகவோ மணமகள் கைக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். கணவன்மார்களே, மனைவி தவணை கட்டும் வீட்டின் பத்திரத்தில் அவள் பெயரையும் எழுதுங்கள்.