வாவிக்கரையில் ஒளித்து வைக்க ஒரு பெட்டி

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், ஒரு நாள் மாலை, சோற்றுப் பெட்டி அளவிலான பச்சை நிறப் பிளாஸ்ரிக் பெட்டியொன்றுடன் என் முன்னால் வந்து நின்றான். "மாமா, இதைக் கல்லடிப் பாலத்தடியில ஒளிச்சு வைக்கப்போறன்" என்றான். முப்பதாண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் பணியாற்றியவன் நான். 'சந்தேகத்துக்கிடமான பொதி' என்ற சொற்றொடரை எத்தனை செய்திகளில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நெஞ்சு ஒரு கணம் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

அவன் சொன்னது ஜியோகேஷிங் என்னும் விளையாட்டைப் பற்றி. செய்மதி வழியாக இடமறியும் ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில், பொதுமக்களின் கருவிகளுக்கென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் அறிவித்தார். தேடிச் சென்று கண்டெடுப்பவர் அதிலுள்ள ஏட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இவ்வாறு மறைந்து கிடக்கின்றன.

ஆயினும் பெட்டியை வைத்த கையோடு அறிவித்துவிட முடியாது. முதலில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பாய்வாளர் ஒருவர் அதனைப் பரிசீலிப்பார். ஊதியமில்லாத் தொண்டர் அவர். அருகிலுள்ள வேறொரு பெட்டிக்கும் இதற்கும் 161 மீற்றர் இடைவெளி உண்டா, மண்ணைத் தோண்டிப் புதைக்கப்பட்டதா, நிலத்துக்குரியவரிடம் அனுமதி பெறப்பட்டதா, ஏடு நனைந்தால் மாற்றுவதற்கு ஆள் உண்டா என்றெல்லாம் பார்ப்பார். பாலம், பாடசாலை, படைமுகாம் போன்றவற்றின் அருகே என்றால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்.

மருமகன் விண்ணப்பித்தான். சில நாட்களில் பதில் வந்தது. நீர் கனடா திரும்பிய பின் பெட்டியைப் பராமரிப்பவர் யார்? அனுமதி தந்தவர் யார்? பாலத்தின் கட்டமைப்போடு சேர்ந்தா இருக்கிறது? பையனுக்குக் கோபம். "எங்கேயோ இருக்கிற ஆளுக்கு மட்டக்களப்பைப் பற்றி என்ன தெரியும் மாமா?" என்றான்.

ஒன்றும் தெரியாதிருக்கலாம். தெரியாது என்பதனால்தான் அவர் கேட்கிறார். ஊரில் பிறந்த தாயின் மகன் கேட்க மறந்ததை, ஊரைக் காணாத ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதே என் எண்ணம்.

கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம்; அருகிலேயே புதிய பாலம் 2013இல் வந்தது. படம் எடுப்பவருக்கு அது அழகான காட்சி. இங்கு வாழ்ந்தவர்களுக்கோ அதன் ஒவ்வொரு தூணிலும் வேறு நினைவுகள் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் விழுங்கியதை மறந்தவர் இங்கில்லை. அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். வீதியோரம் கிடக்கும் பொருளைத் தொடாதே, விலகிப் போ, பெரியவர்களிடம் சொல் என்று பாடசாலையில் படித்து வளர்ந்தது ஒரு தலைமுறை. மட்டக்களப்பு மிதிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது 2017 ஜூனில்தான். அதன்பின் இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்துக்குப் பையோடு வந்தவனின் குண்டு பல சிறுவர்களின் உயிரையும் குடித்தது.

இத்தகைய ஊரில் பாலத்தடியில் குனிந்து எதையோ சொருகிவிட்டுப் போகும் ஓர் இளைஞனைக் கண்டால், மீனவர் என்ன நினைப்பார்? இங்கிலாந்தின் வெதர்பி என்னும் சிறு நகரில் 2011இல் அப்படித்தான் நடந்தது. மறைத்து வைக்கப்பட்ட ஒரு விளையாட்டுப் பெட்டியைக் குண்டென்று ஐயுற்று, வீதிகளை மூடி, படைப்பிரிவினர் வந்து வெடிக்க வைத்தார்கள். யுத்தம் காணாத ஊருக்கே அந்த நிலையென்றால் நமக்கு எப்படி?

'யுத்தம் முடிந்து எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன, இன்னும் அஞ்சிக்கொண்டே இருப்பதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாசிக்குடாக் கடலில் குளித்துவிட்டுத் திரும்பும் பயணிகளை வாவியின் உட்கரைகளுக்கும் படுவான்கரைக்கும் அழைத்துவர இவ்விளையாட்டு உதவுமென்றால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நம் பொழுதுபோக்குக்கு இன்னொருவரின் அச்சம் விலையாகக் கூடாது. மதிப்பாய்வாளரின் அனுமதி இணையப் பக்கத்துக்கு மட்டுமே உரியது. கரையில் வாழ்பவரின் அனுமதியை அவரால் தர முடியாது. அதை நாமேதான் நடந்து போய்க் கேட்க வேண்டும்.

பெட்டியே இல்லாத வழியும் உண்டு. 2004இல் தொடங்கிய 'எர்த்கேஷ்' என்னும் வகையில் எதையும் மறைப்பதில்லை. வருபவர் அவ்விடத்தின் நிலவியலைக் கண்ணால் பார்த்து, சில வினாக்களுக்கு விடையெழுத வேண்டும். இதற்கும் அனுமதியும் மதிப்பாய்வும் உண்டு. பாடும் மீனை இதில் சேர்க்க முடியாது. மீன் நிலவியல் ஆகாது! ஆனால் முகத்துவாரத்தைச் சேர்க்கலாமே? கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து வாவியின் வாயை அடைக்கின்றன. மாரியில் ஆறுகளின் வெள்ளம் நிறைந்து அம்மணற்றிட்டை உடைக்கிறது. உடையாவிட்டால், வயலும் வீடும் மூழ்காதிருக்க மனிதர் வெட்டிவிடுகிறார்கள். கடலும் வாவியும் ஆண்டுதோறும் நடத்தும் இந்த வழக்கைவிடச் சிறந்த பாடம் எங்கே கிடைக்கும்?

மறுநாள் காலை இருவரும் முகத்துவாரத்துக்குப் போனோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம் மருமகன் தன் எண்ணத்தைச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாறவங்க மணல்ல நிண்டு பாக்கட்டும் தம்பி, ஆனா மாரியில வாய்க்குக் கிட்டப் போகவேண்டாமெண்டு எழுது, இழுத்துப்போடும்" என்றார். எந்த மதிப்பாய்வாளருக்கும் தெரிந்திராத அந்த எச்சரிக்கையைத் தன் புதிய விண்ணப்பத்தின் முதல் வரியாக எழுதினான் அவன்.

அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வரட்டும், அவசரமில்லை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஊருக்கு வரும்போது செய்ய விரும்பும் எதற்கும், முதல் விண்ணப்பம் அந்த மணலில் நிற்பவரிடம் போகட்டும் என்பதே என் வேண்டுகோள். பச்சைப் பெட்டியை அவன் விட்டுச் சென்றான். என் மனைவி அதில் கருவாடு போட்டு வைத்திருக்கிறாள்.